சுவரைத் தட்டிய மதியம்

எங்கள் குடும்பத்தில் போனில் பேசுவது நான்தான். வேலை கேட்க, வீடு கேட்க, எதற்காக இருந்தாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். இதற்குக் காரணம் என் அறிவு என்று நினைத்துவிட வேண்டாம். என் பெயர் ஜோசலின். அப்பா பெயர் ஸ்டானிஸ்லாஸ். பேசுவது கான்வென்ட் ஆங்கிலம். இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்கிறவர்களுக்கு மறுமுனையில் இருப்பது ஒரு தமிழச்சி என்று தோன்றாது. என் கொழுந்தன் சுரேன் வீடு கேட்டுப் போன் போட்டுப் பெயரைச் சொன்ன உடனே "வீடு போய்விட்டது, சாரி" என்பார்கள். பத்து நிமிடம் கழித்து நான் கூப்பிட்டால் போன வீடு திரும்பி வந்திருக்கும்.

இப்படி நாலு குடும்பத்துக்கு இங்கே மலேசியாவில், ஈப்போ நகரத்தில் வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறேன். சாவி வாங்க நேரில் போய் நிற்கும்போது முகம் மாறும். வாசல் வரை வந்தவர்களைத் துரத்த எல்லோருக்கும் மனம் வராது என்பதுதான் எங்கள் நம்பிக்கை. சிலருக்கு வந்தும் இருக்கிறது.

எனக்கே வீடு தேட வேண்டி வந்தபோதுதான் குரல் நடுங்கியது. அதற்கு முன் இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே போயிருந்தன. மூன்றாவது தங்கியபோது டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்: ரத்தம் கண்டால் அரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நாங்கள் இருந்ததோ கோப்பெங்குக்கு அப்பால், என் கணவர் விக்கி என்கிற விக்னேஸ்வரன் பிறந்து வளர்ந்த பழைய ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில். ரப்பர் மரங்கள் எப்போதோ போய்விட்டன. பெரிய மழை பெய்தால் பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடும். போன முறை ஆம்புலன்ஸ் வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

செயலியில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏழு நிமிடம். ஒட்டிக் கட்டிய இரட்டை வீட்டில் ஒரு பாதியில் உரிமையாளர் இருக்கிறார், மறு பாதி வாடகைக்கு. மூன்று படங்கள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: "இந்தியர் வேண்டாம், சாரி யா." பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வேறு. வேண்டாம் என்று சொல்வதில் என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஏழு நிமிடம். நான் கூப்பிட்டேன்.

வீட்டு முகவர் ஆ லிங் என்ற சின்னப் பெண். "நீங்கள் என்ன இனம்?" என்று ஆங்கிலத்தில் நேராகவே கேட்டாள். "ஜோசலின் ஸ்டானிஸ்லாஸ்" என்றேன். "ஓ, செரானியா!" என்றாள். போர்ச்சுக்கீசிய வழி வந்தவர்களை இங்கே செரானி என்பார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாதா கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதைப் பொய் என்று சொல்வதா வேண்டாமா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

நவம்பரில் சாவி வாங்கப் போனோம். ஆ லிங் என்னைப் பார்த்தாள். பிறகு மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த விக்கியைப் பார்த்தாள். "அலாமாக்", ஐயோ என்று அவள் மலாயில் வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. ஒப்பந்தத்தை உரிமையாளரின் மகன் மெல்பர்னில் இருந்தே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டான். அவள் தன் கமிஷனை நினைத்தாளோ, என் வயிற்றைப் பார்த்தாளோ, சாவியைத் திரும்பக் கேட்கவில்லை.

"ஆன்டி இப்போது மகனோடு மெல்பர்னில் இருக்கிறார். மார்ச்சில்தான் வருவார்" என்றாள். "அதற்குள் குழந்தை பிறந்துவிடும். கைக்குழந்தையோடு இருப்பவர்களை யாரும் வெளியே தள்ள மாட்டார்கள் லா. அதுவரை கொஞ்சம் சத்தமில்லாமல் இருங்கள்."

ஆக, மார்ச் வரை. குழந்தை பிறக்கிற வரை இந்தக் கூரை எங்கள் தலைக்கு மேல் இருந்தால் போதும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

சீனப் புத்தாண்டை யாராவது ஆஸ்திரேலியாவில் கொண்டாடுவார்களா? அதை நான் யோசித்திருக்க வேண்டும். ஜனவரி முதல் வாரமே வீட்டுக்காரச் சீன அம்மா மேடம் லியோங் வந்து இறங்கிவிட்டார். ஆ லிங் அனுப்பிய செய்தியில் இரண்டே வரி. "ஆன்டி வந்துவிட்டார். ப்ளீஸ், சத்தம் வேண்டாம்."

அன்றிலிருந்து எங்கள் வீடு மூச்சுப் பிடித்துக்கொண்டு இருந்தது. செருப்புகள் உள்ளே வந்தன. துணி அறைக்குள் காய்ந்து புழுங்கி நாறியது. திரைச்சீலையை நான் விலக்கவே இல்லை. விக்கி டயர் கடையில் வேலை செய்கிறார். விடிவதற்கு முன்பே பின் சந்து வழியாக நடந்து போய், இரண்டு தெரு தள்ளி மகேந்திரன் அண்ணனுடைய பட்டறையில் நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். சிலிபினில் இருக்கும் என் சின்னம்மா கெர்ட்ரூட் என்னைப் பார்க்க வருகிறேன் என்றபோது, டாக்டர் யாரையும் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருப்பதாகப் புளுகினேன். அவர் மனம் நொந்துபோனார். என் வயிற்றில் இருப்பது அவருக்கும் பேரப்பிள்ளை முறைதான்.

சமையலில் தாளிப்பு அடியோடு நின்றது. கடுகு வெடிக்கிற வாசம் பக்கத்து வீட்டுக்கு எங்கள் அடையாள அட்டையைக் காட்டிவிடும் அல்லவா? காயை வேகவைத்து உப்புப் போட்டுத் தின்றோம். முட்டைக்கோஸ் வேகிற நாற்றம் மட்டும் எந்த இனத்துக்கும் சொந்தமில்லை என்பதால் அதை அடிக்கடி சமைத்தேன்.

ஒருநாள் விக்கி தட்டைத் தள்ளி வைத்தார். "நம்ம என்ன கஞ்சாவா விக்கிறோம், ஜோஸ்? திருட்டுப் பய மாரி பின்னால போறேன், பின்னால வாரேன்."

"கொழந்த வர்ற வரைக்கும்தானே லா."

"வந்தா மட்டும்? அது அழுவாதா? அதுக்கும் வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுவியா?"

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் உண்மையாகவே கனம் இருந்தது, ஏழு மாதக் கனம்.

அந்த இரண்டு வாரத்தில் மேடம் லியோங்கை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், திரைச்சீலையின் இடுக்கு வழியாக. குள்ளமான உருவம், வெட்டிவிட்ட நரை முடி, பூப்போட்ட காற்சட்டை. ஆரஞ்சுச் செடித் தொட்டிகளை வாசலில் வரிசையாக வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு தடவை எங்கள் கதவைப் பார்த்தார். நான் பின்வாங்கிய வேகத்தில் இடுப்பு மேசை முனையில் இடித்துக்கொண்டது.

பொங்கல் வந்தது. நான் கிறிஸ்துவச்சி, விக்கி இந்து. எங்கள் வீட்டில் சிலுவையும் உண்டு, முருகன் படமும் உண்டு. தோட்டத்தில் இருந்தபோது லயத்து வாசலில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைப்பார்கள். நானும் முதல் ஆளாக நிற்பேன். இந்த வருடம் கதவு சன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, கேஸ் அடுப்பில், கைப்பிடி அளவு அரிசியில் பொங்கல் வைத்தார் விக்கி. பால் பொங்கி வழிந்தபோது என் காதருகே வந்து, "பொங்கலோ பொங்கல்" என்று கிசுகிசுத்தார். ஊரே கேட்கக் கத்த வேண்டியதைக் காதில் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நெய்யில் முந்திரியை வறுத்துக்கொண்டிருந்தபோது சுவரில் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். மூன்று தடவை. அந்தப் பக்கம் மேடம் லியோங்கின் வீடு.

விக்கி அடுப்பை அணைத்தார். இருவரும் அப்படியே நின்றோம். நெய் வாசம் சுவரைத் தாண்டிப் போய்விட்டது, கண்டுபிடித்துவிட்டார், அதட்டுகிறார் என்று முடிவு செய்தோம். மூன்றாவது தட்டலோடு சத்தம் நின்றது. எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டோம். பொங்கலை மறுநாள்தான் தின்றோம், ஆறிப்போய்க் கட்டியாக.

அதற்கு ஒன்பதாம் நாள், ஒரு புதன்கிழமை. காலையில் ஆ லிங் செய்தி அனுப்பினாள். "ஆன்டி உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஏதோ சொல்லித் தள்ளிப்போடுகிறேன்." பார்ப்பது என்றால் வேறு எதற்கு? வெளியே போகச் சொல்லத்தான். லயத்து வீட்டுக்குத் திரும்பவும் முடியாது. தோட்டத்தை வாங்கிய வீடமைப்பு நிறுவனம் டிசம்பரிலேயே எல்லோரையும் காலி செய்யச் சொல்லிவிட்டது.

மதியம் மழை பிடித்தது. ஈப்போ மழை வந்தால் பேச்சே கேட்காது. அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு அசட்டுத் தைரியம் வந்தது. வாரக்கணக்கில் உப்புத் தண்ணீர்ச் சாப்பாடு. நாக்கு செத்துக் கிடந்தது. மழையில் வாசம் எங்கே போகப் போகிறது என்று ஒரு ரசம் வைத்தேன். எண்ணெயில் கடுகும் காய்ந்த மிளகாயும் போட்டேன். கடுகு வெடித்த அந்த நொடியில் சுவரில் சத்தம் கேட்டது.

டொக், டொக், டொக்.

மணி இரண்டு ஐந்து. கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் நன்றாக நினைவிருக்கிறது. அடுப்பை அணைத்து, சட்டியை மூடி, அதன் மேல் ஈரத்துணியைப் போட்டேன். சத்தம் நிற்கவில்லை. இந்தத் தடவை மூன்றோடு நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தார். நான் படுக்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். 'அணைத்துவிட்டேனே, இன்னும் என்ன?' என்று மனதுக்குள் கத்தினேன். மழைக்கு நடுவில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போலவும் இருந்தது. அது வெறும் பிரமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் நின்றது. மறுபடியும் தட்டல். மறுபடியும் நின்றது. மூன்றாவது தடவை மெதுவாக, சுரண்டுவது போல இருந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை.

நான் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். சத்தம் நின்றதற்காக மாதாவுக்கு நன்றி சொன்னேன். மூன்று அருள் நிறை மந்திரம் சொன்னேன். பிறகு தூங்கிவிட்டேன்.

ஆறு மணிக்கு விக்கி பின் கதவு வழியாக உள்ளே வந்தபோது முகம் சரியில்லை. மழை விட்டிருந்தது.

"பக்கத்து வீட்டு வாய்க்கால்ல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, ஜோஸ். உள்ள பைப்பு தொறந்து கெடக்கு போல. யாரோ மொனகுற மாரி கேக்குது."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நாலு மணி நேரமாக எதைப் பார்த்துப் பயந்துகொண்டு அடைந்து கிடந்தேன்?

"மத்தியானம் செவுத்தத் தட்டுனாங்க" என்றேன்.

"யாரு?"

"அந்தம்மாதான். ரெண்டு மணிக்கு. ரொம்ப நேரம் தட்டுனாங்க. நான் ரசத்துக்குத்தான்னு நெனச்சேன்."

விக்கி என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் 999-ஐக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் வருகிறது, முன் கேட் பூட்டியிருந்தால் யாராவது திறந்து வையுங்கள் என்றார்கள். ஆ லிங் போனை எடுக்கவில்லை. விக்கி பின் மதிலுக்குப் போனார். மதிலில் கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன, ஏறு!"

"ஜோஸ், யாராவது பாத்தா? சீனக் கெழவி வீட்டு மதில்ல இந்தியப் பய ஏறுறான்னா, மொதல்ல அடிப்பாங்க. அப்பறம்தான் கேப்பாங்க."

அவர் பயந்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவருடைய கூட்டாளி பவித்ரனைச் சொந்த வீட்டு வாசலில் சாவி தேடிக்கொண்டு நின்றபோதே தெருக்காரர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் முனகல் கேட்டது. இப்போது மழை இல்லை. எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"நான் முன்னால போயி நிக்கிறேன். எல்லாரையும் கூப்புடுறேன். எல்லாரும் பாக்கட்டும். நீ ஏறு."

மூன்று வாரத்தில் முதல் தடவையாக முன் கதவை அகலத் திறந்தேன். நைட்டியோடு, கலைந்த தலையோடு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு தெரு நடுவில் போய் நின்று, "தோலோங்! தோலோங்!" என்று கத்தினேன். உதவி கேட்க இந்த ஊரில் எல்லோருக்கும் புரிகிற சொல் அதுதான். எதிர் வீட்டில் இருந்து ஒரு மலாய்க்காரர் ஓடி வந்தார். இங்கே யாரும் குடியிருப்பதே அவருக்குத் தெரியாதாம். விக்கி பின் மதிலில் இருந்து உள்ளே இறங்கியது வீட்டின் பக்கவாட்டு இடைவெளி வழியாக அவருக்குத் தெரிந்தது. "அது என் புருஷன், உள்ளே அந்த அம்மா விழுந்து கிடக்கிறார்கள், பார்க்கத்தான் ஏறினார்" என்று மலாயில் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஏணியை எடுத்து வரப் போனார்.

மேடம் லியோங் குளியலறைத் தரையில் கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. தண்ணீர் மொள்ளும் பிளாஸ்டிக் குவளை கையிலேயே இருந்தது. அதை வைத்துத்தான் தட்டியிருக்கிறார். அவருடைய குளியலறையும் எங்கள் சமையலறையும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். விக்கி அவர் மேல் துண்டைப் போர்த்திவிட்டு, பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் வரும் வரை அந்த அம்மா அவருடைய விரலை விடவில்லை.

மூன்றாம் நாள் மகன் மெல்பர்னில் இருந்து வந்து சேர்ந்தார். பெயர் கென்னி. நாற்பத்தைந்து வயது இருக்கும், தூங்காத கண்கள். எங்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார். விக்கிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன். வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள் கணவர் இல்லை என்றால் அம்மாவைப் பிணமாகத்தான் பார்த்திருப்பேன்" என்றார் ஆங்கிலத்தில். "அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. சிறுநீரகம்தான் இன்னும் சரியாகவில்லை. விழுந்ததைவிட அவ்வளவு நேரம் கிடந்ததுதான் கெடுதல் என்கிறார் டாக்டர். பக்கத்தில் நீங்கள் வந்தது எங்கள் அதிர்ஷ்டம். வீட்டில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருங்கள். புது ஒப்பந்தமே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்."

உறையை நீட்டினார். நான் மூன்று மாதமாக மூச்சுப் பிடித்துக்கொண்டு கேட்டது அந்த உறைக்குள் இருந்தது. வாங்கிக்கொண்டு வாயை மூடியிருந்தால் போதும். விக்கியும் புறப்படும்போது அதைத்தான் சொல்லியிருந்தார். "சொல்லாத. சொன்னா யாருக்கு என்னா லாபம்? கொழந்தைய நெனச்சுக்க."

கெடுத்தது கிடந்த நேரம்தான் என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் வாங்கியிருப்பேன்.

"நான் வீட்டில்தான் இருந்தேன், மிஸ்டர் லியோங். இரண்டு மணியில் இருந்து உங்கள் அம்மா தட்டியது எனக்குக் கேட்டது. நான் போகவில்லை."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. "ஏன்?"

"நான் இந்தியர். உங்கள் விளம்பரத்தில் இந்தியர் வேண்டாம் என்று போட்டிருந்தது. என்னைத் துரத்தத்தான் தட்டுகிறார் என்று நினைத்தேன்."

கத்தப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உறை அவர் மடியில் கிடந்தது.

"அந்த வரியை அம்மா போடவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது" என்றார். "நான் போட்டேன். அம்மா தனியாக இருக்கிறார், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று. எல்லோரும் போடுவதுதானே என்று போட்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை."

பாதுகாப்பாம். எனக்குக் கோபம் பொங்கியது. அந்த ஒரு வரிக்காக நான் வாரக்கணக்கில் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அவனுடைய அம்மா நாலு மணி நேரம் ஈரத்தில் கிடந்தார். எழுதியவனோ ஒரு சிரிப்பு முகத்தையும் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறான். ஆனால் அந்த ஆள் அழுதுகொண்டிருந்தார். நானும் அப்பாவி இல்லை.

கென்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டார். "அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நீங்கள் கிளினிக் போயிருந்தீர்கள் என்று நானே சொல்லிவிடுகிறேன். அந்த வரியைப் பற்றியும் அவருக்குத் தெரிய வேண்டாம். வீடு உங்களுக்குத்தான், அதில் மாற்றம் இல்லை."

உள்ளே போனோம். மேடம் லியோங் கட்டிலில் இன்னும் குள்ளமாகத் தெரிந்தார். கையில் ஊசிக் குழாய்கள். என்னைப் பார்த்ததும் வயிற்றைத்தான் முதலில் பார்த்தார். "ஜோசலின்?" என்றார். அவருக்கு வருவது கான்டனிஸ் சீனமும் சந்தை மலாயும். மலாயில் மெதுவாகப் பேசினார். பிள்ளை உதைக்கிறதா என்று கேட்டார். உனக்கு ஓய்வு வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது என்று ஆ லிங் சொல்லியிருந்தாள், அதனால்தான் இத்தனை நாள் வந்து பார்க்கவில்லை, விழுந்த அன்று காலை ஒரு கோழிச் சூப் கொடுக்கலாம் என்றுதான் அவளிடம் கேட்டேன் என்றார். அதற்கு முன் ஒரு நாள், புது நாட்காட்டி மாட்டக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடிக்கப் போனாராம். மூன்று அடி அடித்ததும் பிள்ளைத்தாய்ச்சி தூங்குவாளே என்று நினைவு வந்து நிறுத்திவிட்டாராம்.

பொங்கல் அன்று கேட்ட மூன்று தட்டல் அதுதான். எனக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அன்றைக்கு நான் ரொம்பத் தட்டினேன். நீ வீட்டில் இருந்தாயா, இல்லையா?"

கென்னி என் முகத்தையே பார்த்தார். உறையைக் கட்டில் ஓரத்தில் வைத்திருந்தார். இல்லை என்று ஒரு சொல் போதும். சொன்னால் கூரை நிலைக்கும், இவர் மனமும் நோகாது, மகனும் தப்பித்துக்கொள்வான், நானும் தப்பித்துக்கொள்வேன். உள்ளே குழந்தை புரண்டது. இந்தப் பொய்யின் மேல்தான் அதைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டுமா என்று தோன்றியது.

"இருந்தேன்" என்றேன். "கேட்டது. பயந்துகொண்டு வராமல் இருந்துவிட்டேன்."

என் கையில் இருந்து அவருடைய கை விலகியது.

"எதற்குப் பயம்?"

நான் கென்னியைத் திரும்பிப் பார்த்தேன். அதை நான் சொல்லப் போவதில்லை. அவருக்கும் அது புரிந்தது. கான்டனிஸில் ஆரம்பித்தார். நாலைந்து வாக்கியம் இருக்கும். குரல் நடுவில் உடைந்தது. எனக்கு மொழி தெரியாது. மேடம் லியோங்கின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மகனைத் திட்டவில்லை.

என் பக்கம் திரும்பினார்.

"அவன் எழுதாமல் என்னைக் கேட்டிருந்தால், நானும் அதையேதான் எழுதச் சொல்லியிருப்பேன்" என்றார் மலாயில். "தெரியாதவர்கள் என்றால் பயம். வயதானவள் நான். ஆனால் உனக்குக் கேட்டதே, ஜோசலின். நாலு மணி நேரம்."

"ஆமாம்" என்றேன். கண்ணீர் தாடை வரை வந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்க வெட்கமாக இருந்தது.

அவர் மகனிடம் உறையைச் சுட்டிக் காட்டினார். என்னிடம் கொடுக்கச் சொல்கிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"இந்த இடுப்போடு இன்னும் எத்தனை தடவை விழப் போகிறேனோ" என்றார். "அடுத்த தடவை நான் தட்டினால் வந்து கதவைத் திற."

வருகிறேன் என்றேன். அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.